நெல்லைச் சீமைக்கு ஒரு கால்பந்து மைதானம்: எங்கன கட்டலாம்?

பொருநைக்கரை | வெள்ளி, இரவு 9.40

முதல்லயே சொல்லிப்புடுதேன். அரசாங்கம் எதுவும் அறிவிக்கல, எந்தக் கம்பெனிக்காரனும் பணப்பையோட வந்து நிக்கல. இது நானாக் கிளப்புத பேச்சு. நேத்து சங்கர் நகர் வழியா வரும்போது மனசுல விழுந்தது. கிரிக்கெட்டுக்கு அங்க சிமெண்ட் ஆலை மைதானம் இருக்கு, டி.என்.பி.எல்.னு தமிழ்நாட்டு கிரிக்கெட் லீக் நடக்கு, 2022ல சீசனோட முதல் ஆட்டமே அங்கதான். ஹாக்கிக்குக் கோவில்பட்டியில செயற்கைப் புல் தரை இருக்கு. கால்பந்துக்கு? பாளை வ.உ.சி. மைதானத்துல காலைநடை போற பெரியவங்க காலுக்கு நடுவுல தட்டிக்கிட்டு இருக்கோம்.

நாளைக்கே ஒரு கிளப் வந்து "நெல்லையில விளையாடுதோம், இடம் காட்டுங்க"ன்னா எந்த இடத்தைக் காட்டுவோம்? என் ஓட்டு கங்கைகொண்டானுக்கு. சிப்காட் தொழிற்பேட்டை இருக்கு, நாலுவழிச்சாலை வாசல்லயே போகுது, ரயில் நிலையம் இருக்கு, நிலம் மலிவு. 25,000 பேர் உக்காருத மாதிரி கட்டிரலாம். மதுரைக்காரனும் வந்துருவான், தூத்துக்குடிக்காரனும் வந்துருவான்.

இடம் சொல்லுங்க. கூடவே காரணமும் சொல்லுங்க.


கரிசல்காட்டான் | வெள்ளி, இரவு 10.05

அண்ணாச்சி, நான் கயத்தாறு பக்கம். நீங்க சொல்லுத இடத்தை நித்தம் பைக்குல கடக்கேன். மூணு விஷயம் கேளுங்க.

காத்து. ஆனி ஆடியில எங்க பக்கம் காத்தாடி எதுக்கு நட்டு வச்சிருக்கான்னு நெனைக்கீங்க? அந்த மாசத்துல கோல்கிக் அடிச்சா பந்து அடிச்சவன் தலைக்கே திரும்பி வரும். லீக் ஐப்பசிக்கு மேலதான் நடக்கும்னு சொல்லலாம். ஆனா பயிற்சி, பள்ளிக்கூடப் போட்டி, கோடை முகாம் எல்லாம் அந்தக் காத்துக்குள்ளதான்.

மண்ணு. செம்மண் எங்க முடியுது கரிசல் எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்து வாங்கணும். கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். பங்குனியில என் கை முழங்கை வரைக்கும் வெடிப்புக்குள்ள போகும். அதுமேல கேலரி கட்டணும்னா அஸ்திவாரத்தைக் கரிசலைத் தாண்டிக் கீழ இறக்கணும். நெலம் மலிவுன்னு வாங்கி, மிச்சம் பிடிச்ச காசையெல்லாம் மண்ணுக்குள்ள புதைக்கணும்.

மூணாவது, மான். கங்கைகொண்டான்ல புள்ளிமான் சரணாலயம் இருக்கு, 2013ல அறிவிச்சது. பக்கத்துல ராத்திரி பூரா ஃப்ளட்லைட் போட்டு இருபத்தஞ்சாயிரம் பேரு விசில் அடிச்சா வனத்துறை சும்மா இருக்குமா? இருக்கவும் கூடாது.


மேலப்பாளையம் பத்தாம் நம்பர் | வெள்ளி, இரவு 10.31

கங்கைகொண்டான் 18 கிலோமீட்டர் வே. அங்க போய் மேட்ச் பாத்துட்டு வீட்டுக்கு வர பாதி ராத்திரி ஆயிரும், எங்க உம்மா கதவைத் திறக்க மாட்டாவ.

புதுப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாக்கலாம்லா? வேய்ந்தான்குளத்துல இன்னும் எவ்வளவோ எடம் காலியாக் கெடக்கு. பஸ்ஸுல இருந்து இறங்குனா மைதானம். இதைவிட வசதி என்ன வேணும்?


சங்கிலி ஆள் | வெள்ளி, இரவு 11.12

தம்பி, அந்த ஊர்ப் பேரை இன்னொரு தடவை மெதுவா வாசிச்சுப் பாருங்க. வேய்ந்தான் "குளம்".

நான் நில அளவையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "காலியாகக் கிடக்கு" என்று ஒருவர் சொன்னாலே எனக்கு உள்ளுக்குள் மணி அடிக்கும். இந்தச் சீமையில் சும்மா கிடக்கிற நிலம் கிடையாது. ஒன்று தண்ணீர் வந்து நிற்கிற இடம், இல்லை தண்ணீர் ஓடுகிற இடம், இல்லை ஆடு மாடு மேய்கிற இடம். 'அ' பதிவேட்டைத் திறந்தால் குளம் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால், கல்லாங்குத்து, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இருக்கும். மைதானத்துக்குக் கேட்கத் தகுந்தவை கடைசி மூன்றுதான். முதல் இரண்டைத் தொட்டால் நீதிமன்றத்தில் நிற்பீர்கள். அதற்கு முன்னாலேயே மழையில் நிற்பீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. ஜங்ஷன் பஸ் நிலையம் முழுகியது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர். ஆறு தன் பழைய இடத்தை வந்து பார்த்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். புது பஸ் நிலையத்தைக் குளத்துக்குள் கட்டியது கட்டியதாகவே இருக்கட்டும். அதைச் சாக்காக வைத்து மிச்சக் குளத்தையும் கேட்காதீர்கள்.

எவ்வளவு நிலம் வேண்டும் என்பதை முதலில் சரியாகப் பேசுவோம். ஆட்டக்களம் 105 மீட்டருக்கு 68 மீட்டர். அதாவது 7,140 சதுர மீட்டர், ஒன்றே முக்கால் ஏக்கர்தான். சுற்றிலும் ஓடி நிற்க இடம் விட்டால் இரண்டேகால். கேலரி, உடை மாற்றும் அறை, வாசல், கழிப்பறை எல்லாம் சேர்த்து ஏழெட்டு ஏக்கரில் முடிக்கலாம். இருபது ஏக்கர், ஐம்பது ஏக்கர் என்று கேட்பவர்கள் பந்துக்காகக் கேட்கவில்லை, காருக்காகக் கேட்கிறார்கள்.


மேலப்பாளையம் பத்தாம் நம்பர் | வெள்ளி, இரவு 11.20

சரி பெரியவரே. வாயை மூடிக்கிட்டேன். பேரை வாசிக்காம விட்டது என் தப்புதான்.


தாழையூத்தான் | சனி, காலை 6.50

எதுக்கு ஊரெல்லாம் சுத்தணும்? எங்க ஊர் சங்கர் நகர் இருக்கு. விளக்குக் கம்பம் நிக்கி, ரோடு இருக்கு, தாழையூத்து ரயில் நிலையம் இருக்கு, கூட்டத்தைச் சமாளிச்சுப் பழகின போலீஸ்காரங்க இருக்காவ. அடியில சுண்ணாம்புக்கல் பாறை, அஸ்திவாரத்துக்குக் கவலையே இல்ல. கரிசலாவது, குளமாவது.

ஒரே ஒரு கொறை. அதை நானே சொல்லிருதேன், இல்லாட்டி நீங்க சொல்லுவீங்க. டி.என்.பி.எல். ஆட்டம் முடிய ராத்திரி பதினோரு மணி ஆகும். ஒரு வருஷம் எங்க மாமா பையன் அம்பாசமுத்திரத்துல இருந்து வந்தான். கடைசி ஓவரைப் பாத்தே தீருவேன்னு நின்னுட்டான். வெளிய வந்தா பஸ் இல்ல. ஆட்டோக்காரர் ஜங்ஷனுக்குக் கேட்ட காசுக்கு அம்பைக்கே போயிட்டு வந்திருக்கலாம். கடைசியில எங்க வீட்டுத் திண்ணையில படுத்துட்டு விடிஞ்சுதான் போனான். அவனுக்குத் திண்ணை இருந்துச்சு. மத்தவன்லாம் ரோட்டுல நடந்தான்.


பேட்டை ரோடு | சனி, காலை 7.15

நாங்குநேரி சிறப்புப் பொருளாதார மண்டலம்? ஏக்கர் கணக்குல வெறுங்காடா நிக்கி. இல்லைன்னா வாகைக்குளம் விமான நிலையம் பக்கம். 2025ல புது முனையமும் திறந்தாச்சு. வெளியூர் டீம் நேரா வந்து இறங்கிரும்.


ரைட்பேக் | சனி, காலை 8.02

வெளியூர் டீம்ல வாரவன் முப்பது பேரு. அவன் இறங்குததுக்கு வசதியாக் கட்டணுமா, மாசம் ரெண்டு தடவை வாற உள்ளூர்க்காரனுக்கு வசதியாக் கட்டணுமா? நாங்குநேரியும் முப்பது கிலோமீட்டர், வாகைக்குளமும் முப்பது சொச்சம். அடுத்த இடத்துக்குப் போவோம்.

எனக்கு இடத்தைவிட அந்த 25,000 தான் உறுத்துது. நான் இருபது வருஷம் ஆடியிருக்கேன், இப்பப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கேன். கூட்டம் பாதி நிறைஞ்ச மைதானத்துல ஆடுறதும், கூட்டம் நெருக்கி நிக்கிற சின்ன மைதானத்துல ஆடுறதும் வேற வேற விளையாட்டு.

இங்கிலாந்துல டார்லிங்டன்னு ஒரு ஊரு. சுமார் லட்சம் பேர் இருக்குத ஊரு. அந்தக் கிளப்பு 1883ல இருந்து ஊருக்கு நடுவுல ஃபீதம்ஸ்னு ஒரு பழைய மைதானத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு. வந்து பாக்கறது சில ஆயிரம் பேரு. புது முதலாளி ஒருத்தர் வந்து 2003ல ஊருக்கு வெளிய 25,000 இருக்கை போட்டு பளபளன்னு கட்டுனாரு. ரோடு தாங்காதுன்னு சொல்லிப் பத்தாயிரம் பேருன்னு கட்டுப்பாடு போட்டுட்டாங்க. முதல் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் அதுக்கப்புறம் வரல. கட்டின சில மாசத்துலயே கிளப்பு திவால் நிலைக்குப் போச்சு. அப்புறம் 2009ல ஒரு தடவை, 2012ல ஒரு தடவை. கடைசியில அந்த மைதானத்தை விட்டே வெளியேறிட்டாங்க. இப்ப அங்க ரக்பி ஆடுதாவ. அதே 25,000. நீங்க எங்கிருந்து இந்த எண்ணைப் பிடிச்சீங்கன்னு தெரியல அண்ணாச்சி, ஆனா எனக்கு ஒடம்பு சிலிர்த்துட்டு.

அங்க வரைக்கும் எதுக்கு, கோயம்புத்தூரைப் பாருங்க. சென்னை சிட்டி கிளப்பு சென்னையை விட்டு அங்க போய் ஆடுச்சு. 2019 மார்ச் 9, நேரு ஸ்டேடியத்துல மினர்வா பஞ்சாபை 3-1னு ஜெயிச்சு ஐ-லீக்னு தேசிய லீக் கோப்பையைத் தூக்கினாங்க. நான் பஸ் ஏறிப் போய்ப் பாத்தேன். அவங்க முன்கள ஆட்டக்காரர் மன்சியோட ஆட்டம் இன்னும் கண்ணுல நிக்கி. ரெண்டே வருஷம். 2020-21 சீசனுக்குப் பிறகு லீக்ல ஆடவே இல்ல, கிளப்பே இல்லாமப் போச்சு. இந்தியாவோட சாம்பியன்! மைதானம் மாநகராட்சியோடது, அதனால அது தப்பிச்சுது. கிளப்பை நம்பி நம்ம காசுல ஒரு கோட்டையைக் கட்டினா, கிளப்பு போன பிறகு யாரு விளக்குப் போடுதது? 2025 ஜூலையில நாட்டோட பெரிய லீக்கான ஐ.எஸ்.எல்.லையே நிறுத்தி வச்சாங்கல்லா, மறந்துட்டீங்களா?

என் கணக்கு: ஆறாயிரம் இருக்கை. எட்டாயிரம்னாலே அதிகம்.

இன்னொண்ணு. ஓட்டப் பாதை வைக்காதீங்க. "எல்லா விளையாட்டுக்கும் ஆகட்டும்"னு சொல்லிச் சுத்தி 400 மீட்டர் பாதை போட்டா, கேலரியில இருக்கவனுக்குப் பந்து எலுமிச்சம்பழம் மாதிரித் தெரியும். சென்னை நேரு ஸ்டேடியமும் அப்படித்தான், கோவையும் அப்படித்தான். இத்தாலியில யுவென்டஸ் பாதை சுத்துன பெரிய மைதானத்தை இடிச்சுட்டு, 2011ல அதே இடத்துல 41,000 பேருக்குச் சின்னதாக் கட்டுனாங்க. சின்னதாக்கின பிறகுதான் நிறைஞ்சுது.


பொருநைக்கரை | சனி, காலை 9.30

25,000 சும்மா வாயில வந்த எண்ணு, ஒத்துக்கிடுதேன். ஆனா ஆறாயிரம் ரொம்பச் சின்னதாத் தெரியலையா? நெல்லை மாநகராட்சியே 2011 கணக்குல 4.73 லட்சம் பேரு. தூத்துக்குடி, தென்காசி, குமரி வேற.


காயல் காக்கா | சனி, காலை 10.11

ஜனத்தொகையை எண்ணாதீங்க தம்பி, பந்து பாக்குறவனை எண்ணுங்க.

எங்க காயல்பட்டினத்துல ஐக்கிய விளையாட்டுச் சங்க மைதானத்துல கோடைக்கு மௌலானா அபுல்கலாம் ஆசாத் நினைவுக் கோப்பை நடக்கும். வெளி மாநில டீமெல்லாம் வரும். அஸர் தொழுதுட்டு அப்படியே மைதானத்துக்கு நடந்து வருவாங்க. இடம் கிடைக்காத பிள்ளைங்க மதிலு மேல. கூட்டம் வாரதுக்குக் காரணம் மைதானத்தோட அழகு இல்ல, நடந்து வரலாங்குறதுதான்.

குமரியில தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களைப் பாருங்க. கால்பந்து வீரர் சூசைராஜ் அந்தக் கரையில இருந்து வந்த பிள்ளைதான். வீட்டு வாசல்ல மணல், மணல்ல பந்து.

நெல்லையில கட்டுனா எங்க ஊர்ல இருந்து வருவோமா? வருவோம், ஒரு நிபந்தனையோட. திருச்செந்தூர் பாதையில பாளையங்கோட்டைன்னு ஒரு ஸ்டேஷன் இருக்கு. திருச்செந்தூர், காயல்பட்டினம், ஆறுமுகநேரி, நாசரேத், ஸ்ரீவைகுண்டம், செய்துங்கநல்லூர் எல்லாத்தையும் தொட்டுட்டு வண்டி அங்க வந்து நிக்குது. அதுக்குப் பக்கத்துல மைதானத்தைக் கொண்டாந்தா ரோட்டுல ஒரு வண்டிகூட அதிகமாகாது. ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல திருச்செந்தூருக்குப் பாசஞ்சர் கிடையாது. அதனால ஆட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிக்கணும். ஐ-லீக்ல மத்தியானம் ஆட்டம் வைக்கிறது ஒண்ணும் புதுசில்ல.


டோஹா நெல்லையான் | சனி, மதியம் 12.20

காக்கா சொன்னதுல ரெண்டு மாங்கா விழுது. நாலு மணி ஆட்டம்னா பெரிய ஃப்ளட்லைட்டும் முதல்லயே வேண்டாம். அது பெருஞ்செலவு.

நான் இங்க கட்டுமானத்துலதான் இருக்கேன். 2022 உலகக் கோப்பைக்குத் துறைமுகத்துப் பக்கம் 974னு ஒரு மைதானம் போட்டாங்க. கப்பல்ல சரக்கு ஏத்துற பெட்டி 974 அடுக்கி, இரும்புச் சட்டம் பூட்டி, கழட்டி எடுக்குத மாதிரி. நமக்கு அம்புட்டு ஆடம்பரம் தேவையில்ல, ஆனா யோசனை நமக்கானது. ஒரு பக்கம் மட்டும் கான்கிரீட் கேலரி, மேற்குப் பக்கம், கூரையோட. மத்த மூணு பக்கமும் போல்ட் போட்டு மாட்டுற இரும்புப் படி. கூட்டம் கூடுனா ஒரு வரிசை சேத்துக்கோ. கிளப்பு போயிட்டா கழட்டி வேற ஊருக்குக் குடு. கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுதவனுக்குத் தெரியாததா இது?

ஏன் மேற்குன்னு கேப்பீங்க. களம் வடக்கு-தெற்கா நீட்டமா இருக்கணும். கிழக்கு-மேற்கா வச்சா நாலரை மணிக்கு ஒரு பக்கத்து கோலி கண்ணுக்கு நேரா சூரியன் நிக்கும், பாவம் அவன் கையை நெத்தியில வச்சுக்கிட்டே ஆடணும். மேற்கு கேலரியில இருக்கவங்களுக்கு வெயில் முதுகுப் பக்கம், கூரை நிழல் களத்துல விழும். அதனால மனை எந்தப் பக்கம் நீளம்னு முதல்லயே பாக்கணும். ஏழு ஏக்கர் இருக்குன்னு வாங்கிட்டு, அது கிழக்கு மேற்கா ரிப்பன் மாதிரி இருந்தா கதை முடிஞ்சுது.

அப்புறம் வெளிய போற வழி. இதுல மட்டும் விளையாட்டு வேண்டாம். இங்கிலாந்தோட மைதானப் பாதுகாப்பு வழிகாட்டிக் கணக்குப்படி சமதளத்துல ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு 82 பேரு, படியில 66 பேரு போகலாம். எட்டு நிமிஷத்துல மைதானம் காலியாகணும். எட்டாயிரம் பேருன்னா நிமிஷத்துக்கு ஆயிரம். சமதளத்துலயே பன்னெண்டு மீட்டருக்கு மேல வாசல் வேணும், படி வழின்னா பதினஞ்சு. அதையும் ஒரே பக்கம் வைக்காம பிரிச்சு வைக்கணும். வாசலைத் தாண்டி கூட்டம் போய் நிக்கதுக்கு வெட்டவெளி வேணும். 2025 ஜூன்ல பெங்களூரு சின்னசாமி மைதானத்து வாசல்ல 11 உயிர் போச்சு. உள்ள இல்ல, வாசல்ல. ஊருக்கு நடுவுல கட்டுறதா இருந்தா அந்த வாசல்தான் எனக்கு முதல் கேள்வி.


தியாகராஜநகர் டீச்சர் | சனி, மதியம் 2.45

பாளை ஸ்டேஷன் பக்கம் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். நான் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறேன். ரயில்வே கேட் மூடினால் மகாராஜ நகரில் வண்டிகள் எங்கே வரை நிற்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? மைதானத்துக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் ரயிலில் வந்தாலும் மிச்சப் பேர் பைக்கில்தான் வருவார்கள். மூவாயிரம் பைக் என்று வையுங்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நாலு நிற்கும். ஆம்புலன்ஸ் எப்படி வரும்?

மைதானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பெண் கல்லூரி அணியில் விளையாடுகிறாள். அதனால்தான் இன்னொன்றும் கேட்கிறேன். இத்தனை பதிவில் ஒருவர்கூடப் பெண்கள் கழிப்பறையைப் பற்றிப் பேசவில்லை. உடை மாற்றும் அறை என்றால் நாலு வேண்டும், இரண்டு அல்ல. போட்டிக்குப் போன இடங்களில் என் பெண் பஸ்ஸுக்குள் திரையை இழுத்துவிட்டு உடை மாற்றியிருக்கிறாள். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் பஸ் நிறுத்தம் வரை வெளிச்சமான, கடை திறந்திருக்கிற பாதை இருக்க வேண்டும். கங்கைகொண்டானிலும் நாங்குநேரியிலும் அது வராது. மைதானம் ஊருக்குள் இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு அதுதான் காரணம். மற்றதெல்லாம் பிறகு.


ரைட்பேக் | சனி, மதியம் 3.10

டீச்சர், தலை குனிஞ்சு ஒத்துக்கிடுதேன். இருபது வருஷம் ஆடுனவனுக்கு அது தோணவே இல்ல.


அபிஷேகப்பட்டி பிஜி | சனி, மாலை 4.00

எங்க மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழக வளாகத்துல கேக்கலாமே? நிலம் இருக்கு, ஹாஸ்டல்ல பசங்க இருக்கோம், கிளப்பு போனாலும் நாங்க ஆடுவோம்.


டோஹா நெல்லையான் | சனி, மாலை 4.25

தம்பி, இது நல்ல யோசனை. இங்கிலாந்துல பிரைட்டன் கிளப்பு 2011ல பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துலதான் போச்சு, ஊருக்கு வெளிய. ஆனா ஃபால்மர் ரயில் நிலையம் மைதானத்து வாசல்லயே இருக்கு. மேட்ச் டிக்கெட்டுலயே பஸ், ரயில் பயணத்தையும் சேத்துக் குடுத்தாங்க. அது இல்லைன்னா அந்த இடம் வேலைக்கே ஆகாது. அபிஷேகப்பட்டிக்குப் பேட்டை தாண்டிப் பஸ்ஸை விட்டா வேற வழி இல்லையே. பயிற்சிக் களத்துக்கு உங்க வளாகம் சரி. டிக்கெட் போட்டுக் கூட்டம் கூட்டுத இடத்துக்கு இல்ல.


ஹைகிரவுண்ட் குசும்பன் | சனி, மாலை 5.02

ஒரு வழி சொல்லுதேன். பாளை சென்ட்ரல் ஜெயிலை வெளிய மாத்திட்டு அங்க கட்டுங்க. சென்னையில புழலுக்கு மாத்தலையா? மதில் ரெடி, வாசல் ரெடி, டிக்கெட் இல்லாம ஒருத்தன் உள்ள வர முடியாது.


மேலப்பாளையம் பத்தாம் நம்பர் | சனி, மாலை 5.06

ஆட்டம் தோத்தா வெளியவும் விடாதீங்க.


கரிசல்காட்டான் | சனி, இரவு 7.40

எல்லாரும் ஆளு எப்படி வரும்னு பேசுதீங்க. தண்ணி எப்படி வரும்?

கணக்குப் போட்டேன். சுத்துப் புல்லோட சேத்து 9,000 சதுர மீட்டர். வெயில் காலத்துல ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் பாய்ச்சணும்னு வைங்க, 45,000 லிட்டர். பன்னெண்டாயிரம் லிட்டர் லாரி நாலு. தெனமும். சித்திரையில குடத்தோட நிக்குத தெருவுக்குப் பக்கத்துல இந்த லாரி போனா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். அதனால ஆத்துத் தண்ணியைக் கேக்கவே கூடாது. ராமையன்பட்டியில கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கு, அந்தத் தண்ணியைக் கொண்டாரணும். புல்லு முகம் சுளிக்காது. நம்ம மனுசங்கதான் சுளிப்பாங்க.

புல்லுன்னதும் ஞாபகம் வருது. பெர்முடா புல், பெர்முடான்னு பெரிய மைதானக்காரங்க பேசுதாங்கல்லா, அது வேற ஒண்ணுமில்ல, நம்ம அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துத அதே இனம். கலப்பு ரகம் வாங்கிப் போடுதாங்க, அவ்வளவுதான். காடு பூரா களைன்னு பிடுங்கி எறியுதோம், அங்க வேலி போட்டு வளக்கான்.


பேட்டை ரோடு | சனி, இரவு 7.58

அப்ப ராமையன்பட்டியிலேயே கட்டிரலாம்லா? குப்பைக் கிடங்கைச் சுத்தம் பண்ணி.


சங்கிலி ஆள் | சனி, இரவு 8.30

குப்பை மேல் புல் வளரும், பூங்கா வரும். கேலரி வராது. குப்பை மக்க மக்கத் தரை இறங்கும், அதுவும் ஒரே மாதிரி இறங்காது. அந்தக் கிடங்கில் எத்தனை தடவை தீப்பிடித்துப் புகை சூழ்ந்தது என்று சங்கரன்கோவில் ரோட்டுக்காரர்களைக் கேளுங்கள். அடியில் வாயு இருக்கிற இடத்தில் எட்டாயிரம் பேரை உட்கார வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தனியார் நிலம் வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. 2013 நிலமெடுப்புச் சட்டப்படி தனியார் கம்பெனிக்காக அரசு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் சம்மதிக்க வேண்டும், அரசும் தனியாரும் கூட்டு என்றால் 70 சதவீதம். சமூகத் தாக்க மதிப்பீடு தனி. ஐம்பது ஏக்கர் கேட்டால் ஐம்பது வீட்டுப் படி ஏறவேண்டும். ஏழு ஏக்கர் கேட்டால் ஒரே புல எண்ணில்கூடக் கிடைக்கலாம். சின்னதாகக் கேட்பதில் இந்த லாபமும் இருக்கிறது.


மட்டுறுத்துனர் | சனி, இரவு 8.45

இந்த இழையில் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. எந்த ஊர் எந்தச் சமூகத்துக்காரர் ஊர், எந்தக் கட்சி எந்த நிலத்தைக் கைவசம் வைத்திருக்கிறது என்ற பேச்சு இங்கே வேண்டாம். பந்தைப் பற்றிப் பேசுங்கள்.


தாழையூத்தான் | சனி, இரவு 9.20

அப்ப எங்க ஊரை எல்லாருமாச் சேந்து மறந்தாச்சு. பரவாயில்ல, நான் விடமாட்டேன். டீச்சர் சொன்ன பார்க்கிங் தொல்லை எங்க பக்கம் இல்ல. குளம் இல்ல, கரிசல் இல்ல, மான் இல்ல. பாறை இருக்கு. பஸ்தான் இல்ல. பஸ்ஸை விட முடியும் வே, ஒரு உத்தரவு போதும். பாளையில ரோட்டை அகலமாக்க எத்தனை வீடு இடிக்கணும்?


ரைட்பேக் | சனி, இரவு 9.41

அண்ணாச்சி, பஸ் உத்தரவு போட்டா வரும்தான். முதல் வருஷம் வரும். ரெண்டாவது வருஷம் ஒண்ணு கொறையும், மூணாவது வருஷம் "வசூல் இல்ல"ன்னு நின்னுரும். ஆட்டம் இருந்தாலும் இல்லாட்டியும் ஓடுற பஸ்ஸுதான் கணக்கு.

அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில 2024 ஜனவரியில பிரமாண்டமா ஏறுதழுவுதல் அரங்கம் திறந்தாங்க. நல்ல கட்டடம், குறை சொல்லல. ஆனா அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு இன்னைக்கும் ஊருக்குள்ள பழைய வாடிவாசல்லதான். எங்க கூடிப் பழகுச்சோ அங்கதான் கூட்டம் கூடுது.


காயல் காக்கா | சனி, இரவு 10.02

தாழையூத்துத் தம்பி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நானே என் கட்சிக்கு எதிரா ஒண்ணு சொல்றேன். 2023 டிசம்பர்ல எங்க ஊர்ல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. திருச்செந்தூர்ல இருந்து கிளம்புன ரயிலு ஸ்ரீவைகுண்டத்துல நின்னு, ஏறத்தாழ எண்ணூறு பேரு மாட்டிக்கிட்டாங்க. தண்டவாளத்துக்கு அடியில மண்ணே இல்ல. அந்த ரயிலை நம்பித்தான் பாளை, பாளைன்னு நான் சொல்லிட்டு இருக்கேன். லீக் நடக்குறதும் ஐப்பசி, கார்த்திகையிலதான்.

அப்படியும் பாளைதான் சொல்வேன். ரயில் நின்னா பஸ் இருக்கு. பஸ்ஸை மட்டும் நம்புன ஊர்ல பஸ் நின்னா திண்ணைதான்.


பொருநைக்கரை | சனி, இரவு 10.50

கங்கைகொண்டானை வாபஸ் வாங்குதேன். மானு சந்தோசமா இருக்கட்டும்.

பாளை ஸ்டேஷனுக்கும் நாலுவழிச்சாலைக்கும் நடுவுல, கே.டி.சி. நகர் பக்கமா ஒரு மனை கிடைச்சா டீச்சர் சொல்லுத தெருவுக்குள்ள பைக் போகாது. மதுரை, நாகர்கோவில், தூத்துக்குடி மூணு ரோடும் அங்க சேருது. வண்டிக்காரன் சாலைப் பக்கம் நிறுத்திட்டு நடந்து வரட்டும், ரயில்ல வாரவன் அந்தப் பக்கத்துல இருந்து நடந்து வரட்டும். மூவாயிரம் பைக்குக்கு ரெண்டேகால் ஏக்கர் போதும், ஒண்ணுக்கு மூணு சதுர மீட்டர் வச்சுக் கணக்குப் போட்டேன். ஆடுகளத்துக்கு எம்புட்டோ அம்புட்டு.

பெரியவரே, அந்தப் பக்கம் ஓடை, குளம் எங்க எங்கன்னு உங்களுக்குத் தெரியும்லா?


சங்கிலி ஆள் | சனி, இரவு 11.15

பாளையங்கால்வாய்ப் பாசனம் போகிற இடம் தம்பி. நாலு வரப்புக்கு ஒரு வாய்க்கால் இருக்கும், பாதிக்கு மேல் இப்போது வீட்டுக்கு அடியில். வரைபடத்தில் பார்க்கலாம், ஆனால் வரைபடம் பொய் சொல்லாவிட்டாலும் முழுசும் சொல்லாது. மழை பெய்த மறுநாள் கால் வைத்துப் பார்க்க வேண்டும்.

நாளை ஞாயிறு. காலை ஆறு மணிக்குப் பாளை ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். நிலம் அளக்கிற பழைய சங்கிலி ஒன்று வீட்டில் கிடக்கிறது, 66 அடி. அந்தப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.


மேலப்பாளையம் பத்தாம் நம்பர் | சனி, இரவு 11.18

நான் வாரேன். குளத்தைக் கேட்ட பாவத்துக்கு நானே பிடிக்கேன்.


தியாகராஜநகர் டீச்சர் | சனி, இரவு 11.30

காலை கேட் மூடுகிற நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காபி என் வீட்டில். ஸ்டேஷனில் இருந்து எங்கள் தெருவுக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று நடந்து பார்த்துவிட்டே வாருங்கள், பைக்கில் வராதீர்கள்.


தாழையூத்தான் | சனி, இரவு 11.34

நானும் வாரேன். வாய்க்கால் எத்தனைன்னு எண்ணதுக்கு.